கணக்கப்பிள்ளையின் பூட்ஸில் எங்கள் கடுவன்

எங்கள் லயத்துக்குக் காரில் வந்த முதல் டாக்டர் பூனை டாக்டர்தான். மனுஷருக்கு ஒரு டாக்டரும் வந்ததில்லை. பிள்ளை பெற வலி எடுத்தாலும் சரி, மலையில் சறுக்கிக் கால் ஒடிந்தாலும் சரி, கம்பளியில் கட்டித் தடியில் தொங்கவிட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நாங்களேதான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு மருந்துக்காரர் இருந்தார். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே போத்தலிலிருந்து ஒரே சிவப்புத் தண்ணியை ஊற்றுவார். ஏன் என்று கேட்டால் குரைப்பார். இதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் கெட்ட வார்த்தை வருகிறது. ஆனால் பூனை டாக்டர் வந்த அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் சிரிப்பு முந்திக்கொள்கிறது.

பூனை என்றதும் மடியில் வைத்துக் கொஞ்சுகிற பூனை என்று நினைக்க வேண்டாம். அவன் ஒரு ரவுடி. தேங்காய் அளவு தலை, கிழிந்த ஒரு காது, சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி. நெற்றியில் மட்டும் திருநீற்றுப் பட்டை போட்டது போல வெள்ளை. பூனையை ‘அது’ என்று எழுத எனக்கு வரவில்லை. அவன்தான். கடுவன் என்றுதான் கூப்பிடுவோம், வேறு பெயர் வைக்கவில்லை.

அவன் வருவதற்கு முன்னால் எங்கள் லயத்தில் எலிகள்தான் குடியிருந்தன. வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. நடுச் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. எலிகள் ஒரு வீட்டில் அரிசி தின்று அடுத்த வீட்டில் தண்ணீர் குடிக்கும். என் மூத்த மகள் அப்போது கைக்குழந்தை. ஒரு விடியற்காலை அவள் வீறிட்டதில் எழுந்து பார்த்தால் கால் சுண்டுவிரலில் இரத்தம். எலி கடித்திருந்தது. மருந்துக்காரர் சிவப்புத் தண்ணி தந்தார். அதை அவருடைய வாசற்படியிலேயே கவிழ்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் தேயிலை ஸ்டோர் விறகுக் கொட்டிலிலிருந்து இந்தக் கடுவன் தானாக இறங்கி வந்து என் அடுப்போரம் படுத்துக்கொண்டான். எலிச் சத்தம் நின்றது. என் மகள் விடியும்வரை தூங்கினாள். நானும் தூங்கினேன். அவனிடம் எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக அவன் என்ன அட்டகாசம் செய்தாலும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அவன் செய்த அட்டகாசம் பங்களா வரைக்கும் போய்விட்டது.

துரைசாணி கொழும்பிலிருந்து ஒரு சீமைப் பூனை கொண்டு வந்து வளர்த்தார். உடம்பெல்லாம் பால் நிறம், மூஞ்சியும் காதும் வாலும் மட்டும் கரியில் தோய்த்தது மாதிரி. என் அண்ணன் பங்களாக் குசினியில் வேலை செய்தான். அந்தப் பூனைக்கு மீன் அவித்து முள் பொறுக்குவதே அவனுக்குப் பாதி நாள் வேலை. நுவரெலியாவில் வேறொரு துரைசாணியிடம் அதே சாதிக் கடுவன் ஒன்று இருந்ததாம். அதோடு சேர்த்து வைப்பதற்குக் கல்யாணப் பேச்சு மாதிரி இரண்டு பங்களாவுக்கும் பேச்சு நடந்தது. பெண் வீட்டார் கிளம்புவதற்குள் பெண் குட்டி போட்டுவிட்டது. எல்லாக் குட்டியும் வரி வரியாக, எல்லாக் குட்டியின் நெற்றியிலும் திருநீற்றுப் பட்டை. அப்பன் யார் என்று ஒருவரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை, ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார். எங்களை மேய்க்கிற கணக்கப்பிள்ளைக்கு, துரை மெதுவாகச் சொன்னதைக் கத்திச் சொல்வதில் ஒரு சந்தோஷம்.

“நெத்தியில பட்ட போட்டவன், பங்களாப் பக்கம் சுத்துறவன், இந்த லயத்துல ஆரு வீட்டு ஆளு?”

பக்கத்துக் காம்பரா அக்கா சும்மா இருப்பாளா? “பட்ட போட்ட ஆளுங்க நெறைய இருக்காங்களே. கோயில் பூசாரியக் கேக்குறீங்களா, இல்ல நம்ம கங்காணியக் கேக்குறீங்களா?”

களம் முழுக்கச் சிரித்தது. கணக்கப்பிள்ளை சிவந்து போனார்.

“கடுவன் பூனையக் கேக்குறேன்! பெரிய தொரை ஆர்டரு. சனிக்கெழம பெரட்டுக்குள்ள அந்தக் கடுவன் தோட்டத்த விட்டுப் போயிறணும். இல்லாட்டி காவக்காரன் துப்பாக்கி எடுப்பான்.”

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. “பங்களா சன்னலத் தொறந்து வச்சது எங்க கடுவனா?” என்றேன்.

“ஏய், வாய மூடு.”

“நீங்க மொதல்ல மூடுங்க. நீங்க வாயத் தொறந்தா பறிக்காத கொழுந்துகூட வாடுது.”

அன்றைக்கு எனக்கு மலையிலேயே மோசமான தேயிலை நிரையைக் கொடுத்தார். கையெல்லாம் முள், காலெல்லாம் அட்டை. கொழுந்து பறித்துக்கொண்டே சனிக்கிழமைக்குள் என்ன செய்வது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கடுவன் போனால் எலி வரும். எலி வந்தால் என் மகளின் மற்ற விரல்கள் இருக்கின்றன. வேறொன்றும் மண்டையில் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் புருஷன் ஒரு யோசனை வைத்திருந்தார். “ரயில்ல ஏத்தி வட்டவளையில கொண்டுபோய் விட்டுட்டு வரட்டா புள்ள?”

“உன்னையக் கொண்டுபோய் விடுறேன். நீ எத்தன எலி பிடிச்சிருக்க?”

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் பங்களாவிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தான். பூனை டாக்டர் வந்திருக்கிறாராம். அட்டன் பக்கத்துச் சிங்கள டாக்டர். ஒரு குட்டிக் காரில் மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டு, மாதம் ஒரு தடவை எங்கள் பக்கத்துப் பங்களாக்களுக்கெல்லாம் போய் நாய்க்கும் குதிரைக்கும் பூனைக்கும் வைத்தியம் பார்ப்பார். குட்டிகளைப் பார்க்கத் துரைசாணி அவரைக் கூப்பிட்டிருந்தார்.

“தொரசாணி அழுவுது. டாக்டரு வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறாரு,” என்றான் அண்ணன். “எதுக்குச் சுடணும், வெட்டி விட்டுட்டா அவன் இனிமே இந்தப் பக்கமே வரமாட்டான்னு சொல்லிட்டாரு. தொரையும் சரின்னுட்டாரு. ஆனா சனிக்கெழமைக்குள்ள செஞ்சிறணுமாம்.”

“எத வெட்டுறது?” என்று கேட்டார் என் புருஷன்.

அண்ணன் அவர் காதில் சொன்னான். என் புருஷன் குந்தியிருந்த இடத்திலேயே இரண்டு முழங்காலையும் இறுக்கிச் சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் அவனைக் கையோடு கொண்டுவரச் சொன்னாராம். நான் கடுவனைப் பிடித்துக் கொழுந்துக் கூடைக்குள் போட்டு, மேலே சாக்கை மூடிக் கயிற்றால் கட்டி, முதுகில் மாட்டிக்கொண்டு பங்களா ரோட்டில் ஏறினேன். கூடைக்குள் அவன் போட்ட கூச்சலில் வழியிலிருந்த நாயெல்லாம் ஒதுங்கிப் போயின. பங்களாத் தோட்டத்து வேலியை நெருங்கும்போது சாக்கு கிழிகிற சத்தம் கேட்டது. அடுத்ததாக என் தலையில் நாலு கால் பதிந்தது. அங்கிருந்து அண்ணன் தலை. அங்கிருந்து ரோடு. வாலைத் தூக்கிக்கொண்டு நேராக லயத்துக்கு ஓடிவிட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் கைதட்டிச் சிரித்தார். குட்டையான ஆள், வழுக்கைத் தலை, சட்டைப் பை நிறையப் பஞ்சு. அவர்தான் டாக்டர்.

“அது கொழுந்தா, கூடையில வாறதுக்கு?” என்றார். அவருடைய தமிழ் சிங்களத்தில் ஊறின தமிழ். “பூனைக்கு ரோட்டுல பயம். அதுட வீட்டுல பயம் இல்ல. பாத்தியா, எங்க ஓடிச்சி? வீட்டுக்குத்தானே? வெள்ளிக்கெழம நான் திரும்பிப் போறது இந்தப் பக்கம்தான். நான் வீட்டுக்கு வாறேன்.”

“லயத்துக்குங்களா?” எனக்கு நம்ப முடியவில்லை.

“பூனை லயத்துல இருந்தா லயத்துக்குத்தானே வரணும்? ஆனா கேளு. வெள்ளிக்கெழம காலையில இருந்து அதுக்கு ஒண்ணும் குடுக்க வேணாம். மயக்க மருந்து வைக்கிறது. வயித்துல சாப்பாடு இருந்தா வாந்தி எடுத்து மூச்சு அடைச்சிச் செத்துப் போகும். வெளங்கிச்சா?”

விளங்கியது. லயத்துக்குத் திரும்பி வீடு வீடாகச் சொன்னேன். ஒருவரும் ஒரு வாய் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கையை முறிப்பேன் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த இரண்டு நாளும் லயத்து ஆம்பிளைகளைப் பார்க்க வேண்டுமே. மலையில் தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டமாக வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலைக்காரர்கள்தான் பாதிப் பேர். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான செடியை இரக்கமில்லாமல் வெட்டித் தள்ளுகிறவர்கள். கடுவனுக்குக் கவ்வாத்து என்றதும் சாவு வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டார்கள்.

“தேயிலைக்கு வெட்டுனா தளிரு வரும். இவனுக்கு வெட்டுனா என்னா வரும்?” என்றார் ஒருவர்.

“வெட்டுன கடுவன் எலியக் கண்டா கும்பிடு போடும்,” என்றார் இன்னொருவர்.

என் புருஷன் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். “வேற வழியே இல்லையா புள்ள?”

“இருக்கு. துப்பாக்கி.”

“அதுன்னா ஒரே அடியாப் போயிரும்...”

அகப்பையால் முதுகில் ஒன்று வைத்தேன். டாக்டர் வரும்போது பூனையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று கேட்டேன். என் புருஷனுக்கு வெள்ளிக்கிழமை ஸ்டோரில் வேலை அதிகமாம். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இடுப்பு பிடித்திருக்கிறதாம். கங்காணிக்கு டவுனில் சோலி. பயந்தாங்கொள்ளிகள்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகாமல் நின்றேன். கடுவனை விடியுமுன்னே காம்பராவுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன். பீலியில் தண்ணீர் பிடிக்க ஒரு தடவை போனேன். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் மகளை விட ஒரு தடவை போனேன். மற்ற நேரம் முழுக்க வாசலிலேயே காவல். அவன் உள்ளே ஒரு சத்தமும் போடவில்லை. பசியில் சோர்ந்து கிடக்கிறான் பாவம் என்று நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்த நேரம் குட்டிக் கார் மண் ரோட்டில் முனகிக்கொண்டு இறங்கி வந்தது. லயமே வெளியே வந்துவிட்டது. ஆம்பிளைகள் தூரத்தில் நின்றார்கள். டாக்டர் குனிந்து என் காம்பராவுக்குள் நுழைந்தார். கடுவன் அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். கூடையில் அந்த ஆட்டம் ஆடியவன், அடுப்போரத்தில் அரசன் மாதிரி படுத்திருந்தான். டாக்டர் அவன் வயிற்றைத் தடவினார். திரும்பத் தடவினார். முகம் மாறியது.

“என்ன தின்னது?”

“ஒண்ணுமில்லைங்க டாக்டர் ஐயா. எம் புள்ள மேல சத்தியம்.”

“இது வயிறா? கால்பந்து.”

சொல்லி வாய் மூடவில்லை, கடுவன் ‘கக் கக்’ என்று இரண்டு தடவை குலுங்கி, டாக்டருடைய சப்பாத்துக்கு நேரே ஒரு முழு நெத்தலியைக் கக்கினான். கூடவே முட்டைத் துண்டு. கூடவே கருவாடு.

நான் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

“ஒரே ஒரு பிடி நெத்தலி,” என்றாள் அக்கா. “சன்னல் வழியாத்தான்.”

“நாங்க முட்ட மட்டுந்தான்,” என்றது ஒரு குரல்.

“பால்ல சக்கர போட்டு...” என்றது இன்னொன்று.

ஸ்டோரில் வேலை அதிகம் என்று சொன்ன என் புருஷன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “என் பங்குக் கருவாடு,” என்றார் மெதுவாக.

வெள்ளிக்கிழமையில் எங்கள் லயத்தில் மீன் வாசமே அடிக்காது. எல்லா வீட்டிலும் விரதம். அன்றைக்குக் கடுவனுக்காக அதையும் விட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. யாரையாவது வெட்டிப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், திரும்பி வருவாரோ மாட்டாரோ என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவருக்குப் பிடித்ததைச் சமைத்து ஊட்டித்தான் அனுப்புவார்கள். பூனைக்கும் அதையே செய்துவிட்டார்கள்.

“கொன்னுட்டீங்களேடி!” என்று கத்தினேன். “கொன்னுட்டீங்களே!”

“ஏன் கத்துற?” என்றாள் அக்கா. “போன வருசம் உன் வீட்டுக்காரருக்குக் குடலெறக்கம் வெட்டப் போறப்ப நாங்கதானே கோழி அடிச்சுக் குடுத்தோம்? செத்தா போனாரு?”

“பாதி ஆஸ்பத்திரிய வாந்தியில நனச்சாரு!”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. என் அடுப்புத் திட்டில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆனால் சிரித்து முடிந்ததும் கையை விரித்தார். இப்போது மயக்க மருந்து வைத்தால் அவன் பிழைக்க மாட்டான். நாளைக்கு அவர் வேறு பக்கம் போக வேண்டும். அடுத்த மாதம்தான் இங்கே வருவார். நாளைக் காலை பெரட்டில் துப்பாக்கி.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. அழுகிற பழக்கம் எனக்கு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நெத்தலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார், கடுவனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பாதி வெளிய வந்திட்டுது. மிச்சம் எறங்கட்டும். அந்தி வரைக்கும் இருக்கிறேன்,” என்றார். “தேத்தண்ணி இருக்கா?”

தேத்தண்ணியா? எல்லா வீட்டிலிருந்தும் வந்தது. சீனி போட்டு, கருப்பட்டி போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு. லயத்து இஸ்தோப்பில், அந்தத் தாழ்வாரத்தில், சாக்கு விரித்து உட்கார்ந்து எல்லாவற்றையும் குடித்தார். சும்மா விடுவார்களா எங்கள் ஆட்கள்? ஒருத்தி முட்டையிடாத கோழியைக் கொண்டுவந்தாள். ஒருவர் மாட்டை இழுத்துவந்தார். இடுப்பு பிடித்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன் மாட்டுக்குப் பின்னால் வந்து நின்று, “டாக்டர் ஐயா, இந்தக் கடவாப் பல்லு...” என்று வாயைப் பிளந்தார். டாக்டர் எட்டிப் பார்த்து, “இது மாடு மாதிரித்தான் இருக்கு, ஆனா என் மருந்து சரிவராது,” என்றார். அக்கா மறுபடி மலைக்குப் போகவில்லை. தனக்கும் காய்ச்சல் என்று அறிவித்துவிட்டாள். கடுவன் பக்கத்தில் நான் தடியோடு உட்கார்ந்திருந்தேன், இன்னும் யாராவது ஊட்ட வந்தால் போடுவதற்கு.

வெயில் இறங்கி மழை தூறத் தொடங்கியபோது டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்து, “ஹரி, ஹரி,” என்றார். சரியாகிவிட்டதாம். அடுப்பை முதலில் அணைக்கச் சொன்னார், அவருடைய மருந்துக்கு நெருப்பு ஆகாதாம். பிறகு காரின் பின்பக்கத்தைக் கிளறினார். கிளறிக் கிளறிச் சிங்களத்தில் எதையோ திட்டினார்.

“என்ட பூட்ஸ் எங்க? ஐயோ, மத்தப் பங்களாவுல விட்டுட்டேன்.”

பூட்ஸ் எதற்கு என்று கேட்டேன். கடுவனை ரப்பர் பூட்ஸுக்குள் தலைகீழாக இறக்கிவிட வேண்டுமாம். பல்லும் நகமும் உள்ளே போய்விடும். வேலை செய்ய வேண்டிய பக்கம் மட்டும் வெளியே இருக்கும். மருந்துப் பஞ்சைப் பூட்ஸின் மூக்குக்குள் திணித்துவிட்டால் அவனே மூச்சிழுத்துத் தூங்கிவிடுவான். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் செய்கிறாராம். லயத்தில் பூட்ஸுக்கு எங்கே போவது? நாங்களெல்லாம் வெறுங்கால்.

அந்த நேரம் பார்த்து மேல் ரோட்டிலிருந்து ஒரு சத்தம்.

“எவன்டா அது லயத்துக்குள்ள காரு கொண்டாந்தவன்? சங்கத்துக்காரனா?”

கணக்கப்பிள்ளை. வெளி ஆள் லயத்துக்குள் வந்தால் துரையிடம் உத்தரவு வாங்க வேண்டும் என்பது தோட்டச் சட்டம். எங்கள் சொந்தக்காரர் வந்தாலும் திருடனைப் போல விசாரிப்பார்கள். தொழிற்சங்கத்து ஆள் வந்தால் விரட்டியே விடுவார்கள். கணக்கப்பிள்ளை கம்பைச் சுழற்றிக்கொண்டு தடதடவென்று இறங்கி வந்தார். முழங்கால் வரைக்கும் பளபளவென்று புது ரப்பர் பூட்ஸ். மழை பெய்யாத நாளிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் திரிவார்.

டாக்டர் காரிலிருந்து தலையை எடுத்தார். துரையோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற ஆள் என்று தெரிந்ததும் கணக்கப்பிள்ளையின் கம்பு கீழே போனது.

“குட் ஈவ்னிங் சார்.”

டாக்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒரு பூட்ஸ் குடுங்க,” என்றார்.

“சார்?”

“ஒண்ணு போதும்.”

“எதுக்குங்க சார்?”

“பூனையப் போட.”

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கணக்கப்பிள்ளை சுற்றிலும் பார்த்தார். லயமே பார்த்துக்கொண்டிருந்தது. இஸ்தோப்பு ஓரம் உட்கார்ந்து இழுத்தார், வரவில்லை. புது ரப்பர், ஈரக்கால். “நான் இழுக்கட்டுங்களா?” என்று நான் ஒரு பக்கம் பிடித்தேன். அக்கா என் இடுப்பைப் பிடித்தாள். இழுத்த இழுப்பில் பூட்ஸோடு நாங்கள் இருவரும் சேற்றில் மல்லாந்து விழுந்தோம். கணக்கப்பிள்ளையின் காலுறையில் ஒரு ஓட்டை, அதன் வழியாகப் பெருவிரல் எங்களை எட்டிப் பார்த்தது.

பிறகு நடந்ததைச் சிரிக்காமல் எழுத எனக்கு வராது. டாக்டர் பஞ்சைத் திணித்தார். நான் கடுவனின் பின்னங்காலைப் பிடித்தேன், அக்கா கழுத்தைப் பிடித்தாள், ஒரே அமுக்கில் தலைகீழாக உள்ளே இறக்கினோம். பூட்ஸ் உயிர் வந்தது மாதிரி துள்ளியது. உள்ளேயிருந்து கிணற்றுக்குள் பேய் கத்துவது போல ஒரு சத்தம். வாலும் பின்னங்காலும் மட்டும் வெளியே. பூட்ஸை என் மடியில் இறுக்கிக்கொண்டேன். மருந்து நெடி எங்கள் மூக்கிலும் ஏறியது. இனிப்பும் எரிச்சலும் கலந்த நெடி. அக்கா காரணமே இல்லாமல் கெக்கெக்கே என்று சிரித்தாள். எனக்கும் தலை இலேசாகி, லயம் மெல்ல ஆடியது.

“மொகத்தத் திருப்புங்க,” என்றார் டாக்டர். “நீங்க தூங்கினா உங்களுக்குப் பூட்ஸ் இல்ல.”

ஒற்றைக் காலில் நின்ற கணக்கப்பிள்ளை, “ஐயோ! அட்ட! அட்ட!” என்று குதித்தார். அந்தப் பெருவிரலை அட்டை கண்டுபிடித்துவிட்டது.

“சும்மா நில்லுங்க,” என்றார் டாக்டர், கத்தியை எடுத்துக்கொண்டே. “உங்க முறை இல்ல.”

தூரத்தில் நின்ற ஆம்பிளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். நான் கண்ணை மூடவில்லை. வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற நேரம்தான். இரண்டு கிள்ளு. தையல்கூட இல்லை. முடிந்தது.

கடுவனை வெளியே உருவினோம். அவனோடு ஒரு செம்பு மூத்திரமும் வந்தது. மிச்சம் பூட்ஸுக்குள்ளேயே இருந்தது. டாக்டர் அதைத் துரைசாணிக்குக் கோப்பை நீட்டுவது போல இரண்டு கையாலும் நீட்டி, “தேங்க் யூ,” என்றார். கணக்கப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் ஒரு பூட்ஸும் காலில் ஒரு பூட்ஸுமாக மேல் ரோட்டில் ஏறிப் போனார்.

சிரிப்பு அடங்கின பிறகுதான் கவனித்தேன். கடுவன் அசையவில்லை. நாக்கு வெளியே தொங்கியது. கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பு ஈரத் துணி மாதிரி கிடந்தது. டாக்டர் நெஞ்சில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோழிக்காரி, மாட்டுக்காரர், பல்லுக்காரர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். என் புருஷன் பிள்ளைக்காம்பராவிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் குந்தினார். “கருவாடு குடுத்திருக்கக் கூடாது புள்ள,” என்றார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை.

என் மகள் கையை நீட்டி அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். அவன் தும்மினான். இன்னொரு தடவை தும்மினான். டாக்டர் கண் இமையைத் திறந்து பார்க்க விரலைக் கொண்டுபோனார். கடுவன் அந்தக் கட்டைவிரலை எலும்பு வரைக்கும் கடித்தான்.

“நல்லா இருக்கிறான்!” என்று கத்தினார் டாக்டர், விரலை உதறிக்கொண்டே. லயம் முழுக்கக் கூச்சல். யாரோ தப்பு மேளத்தை எடுத்து அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மழை வலுத்ததால் டாக்டர் பங்களாவுக்குப் போகாமல் நேரே அட்டன் ரோட்டைப் பிடித்துவிட்டார். ஆகவே துரைக்குச் செய்தி போகவில்லை. மறுநாள் பெரட்டில் துரையே வந்து நின்றார். பக்கத்தில் துப்பாக்கியோடு காவல்காரர். கணக்கப்பிள்ளை அன்றைக்குத் தோல் சப்பாத்தில் வந்திருந்தார்.

“கடுவன் இன்னும் லயத்துலதான் இருக்குங்க தொரை,” என்றார்.

நான் கடுவனைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன். “டாக்டர் ஐயா நேத்து வந்து வெட்டிட்டாருங்க.”

துரை கணக்கப்பிள்ளையிடம் திரும்பினார். “டாக்டர் வந்தது? நீ பார்த்தது?”

பார்த்தேன் என்றால் பூட்ஸ் கதை வரும். அவர் மென்று விழுங்கினார். “டாக்டர் வந்தாருங்க. வெட்டுனத நான் பாக்கலிங்க தொரை.”

அது உண்மைதான். அப்போது அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆனால் காவல்காரர் துப்பாக்கியைக் கைமாற்றிப் பிடித்ததை நான் பார்த்துவிட்டேன். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கம்பளியை உதறினேன். கடுவனைத் திருப்பினேன். துரையின் மூக்குக்கு நேரே, பெரட்டு முழுக்கப் பார்க்க, அவன் வாலைத் தூக்கிப் பிடித்தேன்.

“இவரு பூட்ஸுக்குள்ளதாங்க தொரை வச்சு வெட்டுனது. நீங்களே பாத்துக்கங்க.”

துரை ஒரு விநாடி பார்த்தார். வெள்ளைக்காரர் அவ்வளவு சிவந்து நான் பார்த்ததில்லை. தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கினார். பிறகு மெதுவாகக் கணக்கப்பிள்ளையின் சப்பாத்தைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது.

“செரி, செரி. பூனை கொண்டு போ. துப்பாக்கி கொண்டு போ. எல்லாம் போ.”

பூனையை வீட்டில் விட்டுவிட்டு மலைக்குப் பிந்திப் போனதற்காகக் கணக்கப்பிள்ளை எனக்கு அன்று அரை நாள் பேர்தான் போட்டார், அரைக் கூலிதான். போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அது பிறகு. துரை போகச் சொன்னதும் கடுவனை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன். பின்னால் களம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. நானும் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன். அத்தனை பேர் முன்னால் வாலைத் தூக்கிக் காட்டியதற்கு அவன் என் கையைக் கடித்தான். நான் அவனைக் கீழே விடவில்லை.